பிரிட்டனின் தொழிலாளர் குடும்பப் பதின்வயதினர் திரையில்: ஒரு படத்தை ஆராய்ந்து எழுதும் முறை

தெற்கு லண்டனின் இருண்ட தெரு ஒன்றில், ஹூடியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்ட பையன்கள் சிலர், வேலை முடிந்து வீடு திரும்பும் இளம் செவிலியை மறித்து, மிரட்டி, அவரிடம் இருப்பதைப் பறித்துக்கொள்கிறார்கள். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘அட்டாக் த பிளாக்’ இப்படித்தான் தொடங்குகிறது. அந்தப் பையன்களின் பெயரோ வயதோ தெரிவதற்கு முன்பே பார்வையாளர் அவர்களைப் பற்றி ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுவார் என்பது இயக்குநர் ஜோ கார்னிஷுக்கு நன்றாகத் தெரியும். வானத்திலிருந்து விழும் வேற்றுக்கிரக விலங்குகளோடு அவர்கள் மோதும் கதையாகப் படம் நகர்ந்தாலும், அந்தத் தீர்ப்பைச் சிறிது சிறிதாகக் கலைப்பதற்கே எஞ்சிய நேரம் முழுவதையும் அவர் செலவிடுகிறார்.

பிரிட்டனின் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த பதின்வயதினரைக் காட்டும் படங்களைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவ்வகைக் கட்டுரைகள் பெரும்பாலும், அந்தப் பிள்ளை நல்லவனாகக் காட்டப்படுகிறானா கெட்டவனாகக் காட்டப்படுகிறானா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் படத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரிந்துவிடாது. அதைவிடப் பயன் தரும் கேள்விகள் வேறு உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவனுக்கோ அவளுக்கோ தெரிந்ததைக் கதைக்குள் இருக்கும் பள்ளியும் அரசு அலுவலகமும் குடும்பமும் கவனிக்கின்றனவா? அவை கவனிக்கத் தவறும்போது காமிராவாவது கவனிக்கிறதா? இங்கே சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

முதலில் ஆண்டைக் கணக்கிடுங்கள்

படம் எந்த ஆண்டில் நிகழ்கிறது, கதைத்தலைவருக்கு அப்போது என்ன வயது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த வயதுப் பிள்ளையின் வாழ்க்கையை அந்த ஆண்டில் எந்தச் சட்டமும் எந்தத் தொழிலும் தீர்மானித்தன என்று தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் படங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. கென் லோச் இயக்கி 1969இல் வந்த ‘கெஸ்’ படத்தின் பில்லி காஸ்பருக்கு வயது பதினைந்து. அன்றைய இங்கிலாந்தில் பதினொரு வயதில் எழுதும் ஒரு தேர்வே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது: தேர்ந்தவர்கள் மேற்படிப்புக்கு வழிவிடும் கிராமர் பள்ளிக்குச் சென்றார்கள், பெரும்பான்மையினர் பள்ளிப்படிப்போடு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கான செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளியை விடக்கூடிய வயது 1947 முதல் பதினைந்தாக இருந்து, 1972இல்தான் பதினாறாக உயர்ந்தது. படத்தின் களமான வடக்கு இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியோ நிலக்கரிச் சுரங்க ஊர். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால், வேலைவாய்ப்பு அலுவலர் பில்லியை நேர்காணும் அந்தச் சில நிமிடக் காட்சியின் கனம் புரியும். அலுவலர் கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார். பில்லி சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்கிறான். அவனுக்கு உண்மையில் எதில் திறமை உண்டு என்பது அந்த அறையில் பேச்சாகவே வருவதில்லை. அந்த அலுவலர் கொடியவர் இல்லை. பிள்ளைகளைத் தரம் பிரித்து அனுப்பும் ஓர் ஏற்பாட்டின் கடைசி மேசையில் அமர்ந்திருப்பவர், அவ்வளவுதான்.

இதே கணக்கை 2002இல் வந்த ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ படத்துக்குப் போட்டுப் பாருங்கள். இயக்குநர் அதே கென் லோச், எழுதியவர் பால் லாவெர்ட்டி, களம் ஸ்காட்லாந்தின் கிரீனக். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. பில்லி வெறுக்கும் வேலையாவது பார்ன்ஸ்லியில் இருந்தது. கிரீனக்கின் லியாமுக்கு வெறுப்பதற்குக்கூட அப்படி ஒரு வேலை காத்திருக்கவில்லை. சிறையிலிருந்து வரப்போகும் தாய்க்கு ஒரு கேரவன் வீடு வாங்கித் தரவேண்டும் என்பதற்காக அவன் போதைப்பொருள் விற்கத் தொடங்குகிறான். அதில் அவன் காட்டும் திட்டமிடலும் உழைப்பும் கணக்கும் எந்த வணிகத்திலும் அவனை உயர்த்தியிருக்கும் என்பதைப் படம் அழுத்தமாகக் காட்டுகிறது. இந்த இரண்டு பையன்களையும் பிரிக்கும் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் பிரிட்டனின் கனரகத் தொழில்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இரண்டே பத்திகளில் எழுதிவிட்டால், உங்கள் கட்டுரையின் அடித்தளம் தயார்.

அறிவு வெளிப்படும் காட்சியைத் தேடுங்கள்

இந்தப் படங்களில் நல்லவை ஏறக்குறைய எல்லாவற்றிலும், அந்தப் பிள்ளை ஒன்றைத் தன் கையால் திறம்படச் செய்யும் காட்சி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ‘கெஸ்’ படத்தில் பில்லி ஒரு கெஸ்ட்ரல் வல்லூற்றைப் பிடித்து வளர்த்துப் பழக்குகிறான். பறவைகளைப் பழக்குவது பற்றிய நூலைப் படிக்க அவன் முதலில் நூலகத்துக்குத்தான் போகிறான். உறுப்பினர் படிவத்தில் பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகே ஒரு கடையில் அந்த நூலைத் திருடுகிறான். இந்த வரிசை முக்கியம். திருட்டை மட்டும் குறிப்பிட்டு நூலகத்தை விட்டுவிடும் கட்டுரை, படம் சொன்னதில் பாதியை அழித்துவிடுகிறது.

பிறகு வகுப்பறைக் காட்சி வருகிறது. ஆங்கில ஆசிரியர் ஃபார்த்திங், ஏதாவது உண்மைச் செய்தியைப் பற்றிப் பேசும்படி அவனை வற்புறுத்துகிறார். தயங்கித் தொடங்கும் பில்லி, வல்லூற்றின் காலில் கட்டும் தோல்வார் என்ன, அதை எப்படிக் கட்டவேண்டும், பறவையை முதன்முதலாகக் கட்டில்லாமல் பறக்கவிட்ட நாளில் தனக்கு எப்படி இருந்தது என்று விவரிக்கும்போது வகுப்பே அடங்கிப்போகிறது. துறைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும் அளவுக்கு அவன் ஆசிரியராகிவிடுகிறான். எழுதப் படிக்க விருப்பமில்லாதவன் என்று பள்ளி முடிவுகட்டிய ஒருவன், கடினமான நூலொன்றைத் தானே படித்துத் தேர்ந்திருக்கிறான். இந்தக் கதையின் மூல நாவலை எழுதிய பாரி ஹைன்ஸ் பார்ன்ஸ்லிப் பகுதியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். படத்துக்கான பறவைகளைப் பழக்கியவர் அவருடைய சகோதரர் ரிச்சர்ட் ஹைன்ஸ். பில்லியின் அறிவு திரையில் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆண்ட்ரியா ஆர்னால்டின் ‘ஃபிஷ் டேங்க்’ படத்தில் (2009) பதினைந்து வயது மியா, ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் தனியாக நடனம் பழகுகிறாள். அவள் மகத்தான நடனக்காரி இல்லை. அந்த உண்மையை மறைக்காததில்தான் படத்தின் நேர்மை இருக்கிறது. திறமை மேதைமையாக இருந்தால்தான் ஒரு தொழிலாளர் வீட்டுப் பெண்ணின் மீது நம் கவனம் திரும்ப வேண்டுமா என்று அது நம்மைக் கேட்கிறது. கிளியோ பர்னார்டின் ‘த செல்ஃபிஷ் ஜயன்ட்’ (2013) படத்தில் பிராட்ஃபோர்ட் நகரத்து ஆர்பர் என்ற சிறுவனுக்குப் பழைய இரும்பு வியாபாரத்தின் நுணுக்கங்கள் தெரியும்; செம்புக்கம்பிக்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரியும். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவனின் இந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ள முன்வருகிறவர் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் மட்டுமே. அதன் விளைவை நண்பன் ஸ்விஃப்டி தன் உயிரால் செலுத்துகிறான்.

நீங்கள் எடுத்துக்கொண்ட படத்தில் இப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை என்றால், அந்த இன்மையும் எழுதவேண்டிய செய்திதான். 2008இல் வந்த ‘ஈடன் லேக்’ என்ற திகில் படத்தில், விடுமுறைக்கு வந்த நடுத்தர வர்க்க இணையரை ஊர்ப் பிள்ளைகள் துரத்திச் சித்திரவதை செய்கிறார்கள். வன்முறையைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததாகப் படம் எதையும் காட்டுவதில்லை. இறுதியில் அவர்களுடைய பெற்றோர் வரும்போது, கொடுமை அந்தக் குடும்பங்களிலேயே ஊறிக் கிடப்பது என்று சொல்லி முடிக்கிறது. திறமையாக எடுக்கப்பட்ட படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஒரு வர்க்கத்தின் பிள்ளைகளைப் பற்றி அது பரப்பும் அச்சத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காமிரா யார் பக்கத்தில் நிற்கிறது

ஒரே இடத்தை இரண்டு படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று ஒப்பிடுவதைப்போல் பயனுள்ள பயிற்சி வேறொன்றும் இல்லை. லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் ஹேகேட் என்ற பெரிய கவுன்சில் குடியிருப்பு (உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடுகள்) இருந்தது. 1974இல் கட்டி முடிக்கப்பட்டு, 2011 முதல் 2014 வரையிலான காலத்தில் இடித்து அகற்றப்பட்டது. இடிபடுவதற்கு முந்தைய அதன் கடைசி ஆண்டுகளில் பல படங்களுக்கு அது களமானது. மைக்கேல் கெய்ன் நடித்த ‘ஹாரி பிரவுன்’ (2009) அங்கே எடுக்கப்பட்டது. ‘அட்டாக் த பிளாக்’ படத்தின் சில பகுதிகளும் அங்கேதான் எடுக்கப்பட்டன.

‘ஹாரி பிரவுன்’ படத்தில் காமிரா முதியவரின் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறது. கீழே சுரங்கப்பாதையின் வாயிலில் கூடும் இளைஞர்களை அவருடைய அச்சத்தோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். அவர்களுடைய வீட்டு வாசலுக்குள் படம் நம்மை அழைத்துச் செல்வதே அரிது. அந்த இளைஞர்களின் கண்வழியாக நாம் பார்ப்பது தொடக்கத்தில் வரும் கைபேசிக் காட்சியில்தான். அதுவும் ஒரு கொலையில் போய் முடிகிறது. மைக்கேல் கெய்ன் தாமே அந்த வட்டாரத்தில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது இதை இன்னும் வருத்தமான ஒப்பீடாக்குகிறது. ‘அட்டாக் த பிளாக்’ படமோ தொடக்க வழிப்பறிக்குப் பிறகு பையன்கள் ஒவ்வொருவரின் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. உள்ளேயிருந்து பாட்டிகளின், அக்காமார்களின் குரல்கள் கேட்கின்றன. ஜான் பொயேகா நடித்த மோசஸின் வீட்டுக்குள், அவன் மிரட்டிய அதே செவிலி படத்தின் பிற்பகுதியில் நுழைகிறார். சிறுபிள்ளைக்குரிய படுக்கை விரிப்பு அங்கே கிடக்கிறது. அவன் வயதைக் கேட்கிறார், பதினைந்து என்கிறான். அதற்கு முன்பே பெரியவனைப்போல் தோன்றிய அவனுடைய நடையும் மௌனமும் ஒரு குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட கவசம் என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடுகிறது. படம் மே மாதம் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் கலவரம் மூண்டபோது, செய்திகளில் ஹூடி அணிந்த உருவங்கள் மறுபடியும் பெயரில்லாமல் வந்தன.

கைபேசியையும் இதோடு சேர்த்து ஆராயுங்கள். சேரா கவ்ரன் இயக்கிய ‘ராக்ஸ்’ (2019) படத்தில் கிழக்கு லண்டன் மாணவிகள் தங்களைத் தாங்களே கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளும் துண்டுகள் கதையின் ஊடே வருகின்றன. ஒரு படத்தில் ஆபத்தின் சான்றாக இருந்த அதே கருவி, இங்கே நட்பின் பதிவேடாகிறது.

சட்டகத்தின் அளவையும் கவனியுங்கள். ‘ஃபிஷ் டேங்க்’ அகலத்திரையில் எடுக்கப்படவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவத்துக்கு நெருக்கமான, ஏறத்தாழ சதுரமான சட்டகத்தில் ராபி ரயன் அதை ஒளிப்பதிவு செய்தார். மியாவின் முகமும் முதுகும் சட்டகத்தை நிறைக்கின்றன. அவளைச் சுற்றி வேறு எதற்கும் இடமில்லை. ‘கெஸ்’ படத்தில் கிறிஸ் மெங்கிஸ் இதற்கு நேர்மாறாக, இயற்கை வெளிச்சத்தில், சற்றுத் தொலைவில் நின்று, பிள்ளைகள் காமிராவை மறந்துபோகும் அளவுக்கு ஒதுங்கிப் படம்பிடித்தார். இரண்டுமே பரிவான பார்வைகள். ஒன்று தோளோடு தோள் உரசி நடக்கிறது, மற்றது அந்தப் பையனைத் தொந்தரவு செய்யாமல் நின்று பார்க்கிறது. யதார்த்தமான படம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்த முறையால் அந்த உணர்வு உண்டாயிற்று என்று இவ்வாறு குறித்து எழுதுங்கள்.

காதால் கேளுங்கள்

பிரிட்டனில் ஒருவர் வாய்திறந்ததும் அவருடைய ஊரும் வர்க்கமும் தெரிந்துவிடும். பார்ன்ஸ்லிப் பேச்சு, கிரீனக் பேச்சு, எசெக்ஸ் பேச்சு, லண்டன் பிள்ளைகளிடையே கரீபியன், ஆப்பிரிக்க, தெற்காசியக் குடும்பங்களின் பேச்சுகள் கலந்து உருவான புதிய பேச்சு என இவை ஒன்றுக்கொன்று வெகுதூரம். வசனவரிகள் இவற்றையெல்லாம் ஒரே சீரான ஆங்கிலமாகத் தேய்த்துவிடுவதால், முக்கியமான காட்சிகளை ஒருமுறையாவது வசனவரியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஆசிரியரோடும் சமூகப்பணியாளரோடும் பேசும்போது பிள்ளையின் பேச்சு மாறுகிறதா என்று பாருங்கள். ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ படத்துக்கு அதில் வரும் வசைச்சொற்களுக்காக 18 வயதுச் சான்றிதழ் தரப்பட்டது. பதினாறு வயதை எட்டும் ஒரு பையனைப் பற்றிய படத்தை அவன் வயதுப் பிள்ளைகள் திரையரங்கில் பார்க்க முடியாமல் போயிற்று. அவர்கள் அன்றாடம் பேசும் பேச்சே அவர்கள் கேட்கத் தகாததாக வகைப்படுத்தப்பட்டது என்பதைக் கட்டுரையில் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும்.

யார் எழுதினார், யார் நடித்தார்

எழுதியவரின் பின்னணி முக்கியம். ஆனால் அது எல்லாவற்றுக்கும் விடையாகிவிடாது. சால்ஃபோர்டில் பிறந்த ஷீலா டெலனி தம் பத்தொன்பதாம் வயதில் மேடையேற்றிய நாடகம், 1961இல் டோனி ரிச்சர்ட்சன் இயக்கத்தில் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ என்ற படமாயிற்று. பிராட்ஃபோர்டின் பட்டர்ஷா குடியிருப்பில் வளர்ந்த ஆண்ட்ரியா டன்பர் பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கியவர். அவருடைய நாடகங்களிலிருந்து 1987இல் ஆலன் கிளார்க் ‘ரீட்டா, சூ அண்ட் பாப் டூ’ படத்தை எடுத்தார். மணமான ஓர் ஆணோடு இரண்டு பள்ளி மாணவிகள் உறவுகொள்ளும் அந்தக் கதை, டன்பரின் குடியிருப்பில் வாழ்ந்தவர்களிலேயே சிலருக்குக் கோபமூட்டியது. உள்ளிருந்து எழுதியவர் என்பதால் மட்டும் விவாதம் முடிந்துவிடவில்லை. டன்பர் 1990இல் 29 வயதிலேயே இறந்துபோனார். அவருக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் எழுதக் கிடைத்திருந்தால் பிரிட்டிஷ் திரையில் இந்தப் பெண்பிள்ளைகள் எப்படியெல்லாம் வந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நடிகர்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘கெஸ்’ படத்தில் பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி பார்ன்ஸ்லிப் பள்ளி மாணவர். ‘ஃபிஷ் டேங்க்’ படத்தின் கேட்டி ஜார்விஸ், ரயில் நிலையம் ஒன்றில் காதலனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது கண்டறியப்பட்டவர். ‘ராக்ஸ்’ குழு லண்டன் மாணவிகளோடு நீண்ட பயிலரங்குகள் நடத்தி, அவர்களிடமிருந்தே பாத்திரங்களை உருவாக்கிய பிறகு படமெடுத்தது. இவர்கள் நடிக்கவில்லை, வாழ்ந்தார்கள் என்ற பாராட்டை விமரிசனங்களில் அடிக்கடி காணலாம். அதை எழுதவே எழுதாதீர்கள். ‘ஃபிஷ் டேங்க்’ படத்தைக் கதை வரிசைப்படியே படம்பிடித்து, திரைக்கதைப் பக்கங்களைச் சிறிது சிறிதாகத்தான் நடிகர்களிடம் ஆர்னால்ட் கொடுத்தார். அந்த நிலையில் ஒவ்வொரு நாளும் ஒரு பாத்திரத்தைக் கட்டி எழுப்புவது கடும் உழைப்பு. ‘ராக்ஸ்’ படத்தின் நாயகி புக்கி பக்ரே 2021இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியான பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதைப் பெற்றார். நடுத்தர வர்க்க நடிகர் செய்தால் கலை, தொழிலாளர் வீட்டுப் பிள்ளை செய்தால் இயல்பு என்று பிரிப்பது, பில்லியின் பள்ளி செய்த அதே தவறுதான்.

யாரை விட்டுவிடுகிறோம்

தொழிலாளர் வர்க்கம் என்றதும் வெள்ளையினப் பையன்களை மட்டுமே எண்ணும் பழக்கம் பிரிட்டிஷ் எழுத்திலும் உண்டு. அதைத் திருத்திக்கொள்ள ஹோரஸ் ஓவே இயக்கிய ‘பிரஷர்’ (1976) படத்தைப் பாருங்கள். கறுப்பினப் பிரிட்டிஷ் இயக்குநர் ஒருவரின் முதல் முழுநீளக் கதைப்படம் அதுதான். ஓவேயுடன் சேர்ந்து எழுதியவர் சாமுவேல் செல்வன். டிரினிடாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் இங்கிலாந்தில் பிறந்த ஒரே பிள்ளையான டோனி நல்ல மதிப்பெண்களோடு பள்ளியை முடிக்கிறான். அவனோடு படித்த வெள்ளைப் பையன்களுக்கு வேலை கிடைக்கிறது, அவனுக்குக் கிடைப்பதில்லை. பில்லியின் நேர்காணலையும் டோனியின் நேர்காணலையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒருவனிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, மற்றவனிடம் இருப்பது தெரிந்தும் கதவு திறக்கவில்லை.

பெண்பிள்ளைகள் வரும் படங்களில், வீட்டுவேலையும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் யார் தலையில் விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ராக்ஸ்’ படத்தில் தாய் விட்டுச் சென்றபின், பதினைந்து வயதுப் பெண் தன் தம்பிக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பி, சமூகப்பணியாளர்களின் கண்ணில் படாமல் இடம் மாறி மாறித் தங்கவைக்கிறாள். அதையும் திறமைக் காட்சியாகவே எழுதவேண்டும்.

முடிவுக் காட்சியும் எழுதும் வேலையும்

முடிவுகள் இங்கே பெரும்பாலும் இரண்டு வழிகளில் செல்கின்றன: பிள்ளை ஊரைவிட்டுத் தப்பிக்கிறது, அல்லது சிக்கிக்கொள்கிறது. ‘பில்லி எலியட்’ (2000) முதல் வகையில் மிகப் புகழ்பெற்றது. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே, பதினொரு வயதுச் சிறுவன் பாலே நடனம் கற்று லண்டன் செல்கிறான். பதின்வயதைத் தொடும் தறுவாயில் இருப்பவன் என்றாலும் அவனை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. படத்தை நான் மிகவும் விரும்புகிறேன். ஆயினும் வேலைநிறுத்தம் தோற்ற பிறகு தந்தையும் அண்ணனும் சுரங்கத்துக்குள் இறங்கும் அந்தச் சில நொடிகளில் நிறுத்தி, தப்பிச் செல்லாத மற்ற பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும்படி உங்களைத் தூண்டுகிறேன். படம் எடுக்கப்பட்ட ஈசிங்டன் ஊரின் சுரங்கம் 1993இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு எதிர்த்திசையில், 1962இல் வந்த ‘த லோன்லினஸ் ஆஃப் த லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ படத்தில், சீர்திருத்தப் பள்ளிக் கைதியான காலின் ஸ்மித் வெல்லப்போகும் ஓட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு முன் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். தன் கால்களின் திறமையைக் கண்காணிப்பாளரின் பெருமைக்குக் கொடுக்க அவன் விரும்பவில்லை.

எழுத உட்காரும்போது மொத்தக் கதையையும் சுருக்கிச் சொல்லாதீர்கள். மூன்று காட்சிகள் போதும்: அறிவு வெளிப்படும் காட்சி, ஏதேனும் ஓர் அலுவலகமோ பள்ளியோ அந்தப் பிள்ளையை மதிப்பிடும் காட்சி, முடிவு. ஒவ்வொன்றிலும் முதலில் திரையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: காமிரா எங்கே, வெளிச்சம் எங்கிருந்து, யார் பேசுகிறார், யார் பேசவில்லை. உங்கள் கருத்து அதற்கு அடுத்த பத்தியில் வரட்டும். பிள்ளை செய்த தவறுகளையும் மறைக்க வேண்டாம். மியா தன்னை ஏமாற்றியவரின் சிறுமகளை அழைத்துச் சென்று பெரும் ஆபத்தில் தள்ளுகிறாள். அந்த நேரத்திலும் ஆர்னால்டின் காமிரா அவளை விட்டு விலகுவதில்லை, நியாயப்படுத்துவதும் இல்லை. உங்கள் எழுத்தும் அதே தூரத்தில் நிற்கட்டும். தொடங்குவதற்கு ‘கெஸ்’ படத்தையும் ‘ஃபிஷ் டேங்க்’ படத்தையும் எடுத்துக்கொண்டு, பில்லியின் வகுப்பறைக் காட்சிக்கு ஒரு பக்கமும் மியா தனியாக ஆடும் காட்சிக்கு ஒரு பக்கமும் எழுதிய பிறகு, மற்ற படங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குங்கள்.